ஓலைக் கொட்டானும் உயிர் ஓரமும்



தேவகோட்டைப் பக்கம் பனை ஓலையில் கொட்டான் முடைவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஓரத்தை மடித்துச் செருகாவிட்டால் பின்னல் பிரிந்துவிடும். நம் செல்லில் உள்ள குரோமோசோமுக்கும் இப்படி ஓர் ஓரம் உண்டு. அதன் பெயர் டெலோமியர். செல்கள் பிரியப் பிரிய அது தேயும். அதைத் தேயவிடாமல் பெருகுபவை புற்றுநோய் செல்கள்!

டெலோமியரில் இருந்து ஓர் ஆர்.என்.ஏ. உருவாவது 2007ல் தெரிந்தது. அதில் நான்கு நான்கு 'ஜி' எழுத்துகள் சதுரமாகக் கைகோத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மடிகின்றன. இந்த மடிப்பைப் புரிந்துகொண்டால், புற்றுநோய்க்கு மருந்து தேட உதவும்.

ஆர்.என்.ஏ. நிறைந்த ரைபோசோமின் வடிவத்தைக் கண்டு 2009ல் நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன், நம் சிதம்பரத்தில் பிறந்தவர்தான். அடுத்த மடிப்பை அவிழ்க்கப் போவது நீங்களாகவும் இருக்கலாம். இன்றே, 'ஏன்?' என்று கேட்கத் தொடங்குங்கள்!