இலச்சினையும் பாடமும்

இணையவழிக் கல்வி வணிகத்தில் இறங்குவோருக்கு இன்று முதலிற் கூறப்படும் அறிவுரை ஒன்றுண்டு: பெயர், இலச்சினை, நிறம், எழுத்துரு ஆகியவற்றை முதலில் வகுத்துக்கொள்ளுங்கள்; பாடம் பின்னர் வரும். இந்த வரிசையையே நாம் எதிர்க்கிறோம். அழகுக்கு நாம் பகைவரல்லர். ஆனால் பாடம் பிறக்கும் முன்னரே அதற்கு ஆடை தைப்பவர், அந்த ஆடையின் விலையை இறுதியில் மாணவன் தலையிலேயே சுமத்துவார் என்பதை நாம் அறிவோம்.

இந்தியாவின் பைஜூஸ் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். பைஜூ ரவீந்திரன் என்னும் ஆசிரியர் நடத்திய வகுப்புகளிலிருந்து முளைத்த நிறுவனம் அது. 2019இல் அதன் பெயர் இந்தியக் கிரிக்கெட் அணியினரின் மார்பில் ஏறியது. 2022இல் அதற்கு 2,200 கோடி டொலர் மதிப்புக் கூறப்பட்டது. கட்டாரில் நடந்த உலகக் கிண்ண உதைபந்தாட்டத்துக்கும் அது அனுசரணை வழங்கியது. அவ்வாண்டு ஒக்டோபரில் ஏறத்தாழ 2,500 ஊழியரை நீக்கப்போவதாக அறிவித்த அதே நிறுவனம், நவம்பரில் லியோனல் மெஸ்ஸியைத் தன் தூதுவராக அறிவித்தது. உழைப்பவனுக்கு வெளிவாசல், புகழ்பெற்றவனுக்குத் தலைவாசல்!

முடிவு என்ன? அந்நிறுவனத்தின் வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. ஆயினும் 2024 ஜூலையில் அதனை வங்குரோத்து நடவடிக்கைக்கு உட்படுத்திய வழக்கு, இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபை தொடுத்தது. ஏறத்தாழ 158 கோடி இந்திய ரூபா அனுசரணைப் பணம் செலுத்தப்படவில்லை என்பதே முறைப்பாடு. பெயரைப் பொறித்த சட்டையின் கடனே பெயருக்குரியவரை நீதிமன்றப் படியேற்றியது.

இது அயல்நாட்டுக் கதைதானே என்று நாம் ஆறுதல் கொள்ள முடியாது. 2020இல் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, நமது நாட்டின் தனியார் வகுப்புகளும் திரைக்குப் பெயர்ந்தன. மதிலில் ஒட்டப்பட்ட சுவரொட்டியும் கூடவே பெயர்ந்தது. அதில் ஆசிரியரின் முகம் பெரிது. பாடத்திட்டமோ தேடினாலும் அகப்படாது. 1945 முதல் இலவசக் கல்வியை உரிமையாகக் கொண்ட நாட்டின் மாணவன், இங்கே வாடிக்கையாளனாகக் குறுகிவிடுகிறான்.

வேலையற்ற பட்டதாரி இளைஞன் இணையத்தில் வகுப்பு நடத்த முன்வந்தால், அவனுக்கும் ஓர் அடையாளம் வேண்டாமா என்று கேட்பர். வேண்டும். அந்த அடையாளம் மாணவனுக்கு ஊழியஞ் செய்யட்டும். தமிழெழுத்தின் சுழிகளும் புள்ளிகளும் மலிவான கைத்தொலைபேசியின் சிறு திரையிலுந் தெளிவாகத் தெரியட்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிவேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது சர்வதேச அளவில் ஏற்கப்பட்ட விதி. வெளிர்மஞ்சளில் வெள்ளையெழுத்தைப் பொறிப்பவர் அதை மீறுகிறார். கனத்த படங்களை அடுக்கி, ஏழை மாணவன் காசு கொடுத்து வாங்கிய இணையத் தரவைத் தின்னாதிருக்கட்டும். கற்பிப்பவர் யார், அவர் தகைமை யாது, எத்தனை மணித்தியாலம், கட்டணம் எவ்வளவு, இடையில் விலகினாற் பணம் திரும்புமா? இவை இலச்சினைக்கு நிகரான பெரிய எழுத்தில் முதற்பக்கத்திலேயே நிற்கட்டும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! அடுத்த முறை மினுமினுக்கும் இலச்சினை ஒன்று உங்கள் திரையில் தோன்றும்போது, அதன் நிறத்தை வியக்குமுன் பாடத்திட்டத்தைக் கேளுங்கள். அதைக் காட்டத் தயங்குபவன் விற்பது கல்வியன்று.