தேவமாதா: தொகையும் கோட்பாடும்

குளத்தூர், கோவில்பட்டி சார்ந்த கரிசல் வட்டாரத்து மாதா வழிபாட்டை அம்மன் வழிபாட்டின் தொடர்ச்சியாக மட்டுமே காண்பது எளிது. வீரமாமுனிவர் பணியாற்றிய காமநாயக்கன்பட்டியின் பரலோக மாதா திருவிழாவுக்கு, அதன் புறக்கூறுகளளவில், அது பொருந்தவும் கூடும். 'தேவமாதா' என்னும் சொல்லுக்குப் பொருந்தாது.

அச்சொல்லின் பின்புலம் எபேசு நகரம். ஆர்த்தமி கோயிலால் புகழ்பெற்ற அப்பழம்பதியில் கி.பி. 431இல் திருச்சங்கம் கூடியது. மரியாளைக் 'கிறிஸ்துவை ஈன்றவள்' எனலே தகும் என்றார் கான்ஸ்டாண்டிநோபிள் ஆயர் நெஸ்தோரியு. 'கடவுளை ஈன்றவள்' எனவே வேண்டும் என்றார் அலெக்சாந்திரியாவின் சிரில். சங்கம் சிரிலின் பக்கம் நின்றது. வழக்கு உண்மையில் தாயைப் பற்றியதன்று. மகனிடத்து இறைமையும் மனிதமும் ஓராளாய் நின்றனவா என்பதே.

'தேவனுக்கு மாதா' என நான்காம் வேற்றுமைத்தொகையாக விரித்தால் எபேசின் முடிபு கிட்டும் (முறைப்பொருளை நன்னூலாரும் நான்காவதற்கே உரியதாக்கினார்). காளியம்மன் என்பதுபோல் 'தேவியாகிய மாதா' என இருபெயரொட்டாக்கினால், சங்கம் சொல்லாத ஒன்று மரியாள்மேல் ஏறும். தொகையை விரிக்காமலே ஒப்பீட்டுக்குச் செல்லும் ஆய்வு, இவ்விரண்டில் ஒன்றை அறியாமலே தேர்ந்துவிடுகிறது.