காலக்கெடு யாருக்கு?

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு அளிக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2020இல் நடைமுறைக்கு வந்தது. 2022 ஏப்ரலில் அது செல்லும் என்று தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றம், ஐந்து ஆண்டுகளில் அதை மறுஆய்வு செய்ய வேண்டும் என்றும், அதற்குள் அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்த வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. அந்த மறுஆய்வில் மதிப்பிடப்பட வேண்டியவர்கள் மாணவர்கள் அல்லர், அரசுதான்.

நீட் நுழைவுத் தேர்வு வந்த பிறகு, அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரசுப் பள்ளி மாணவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிப் போனார்கள். பிளஸ் டூ முடித்து, மேலும் ஓராண்டு பயிற்சி மையத்தில் தங்கிப் படிக்கப் பல குடும்பங்களால் முடிகிறது. கூலி வேலையில் பிழைக்கும் குடும்பத்துக்கு அந்த ஓராண்டின் கட்டணம் மட்டுமல்ல, ஓராண்டு வருமான இழப்பும் பெரும் சுமை. இந்த ஏற்றத்தாழ்வை ஆராய்ந்த நீதிபதி கலையரசன் ஆணையம் 10 சதவீதம் பரிந்துரைத்தது, அரசு 7.5 சதவீதம் கொடுத்தது.

இடம் கொடுத்தால் மட்டும் போதாது என்பது முதல் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. 2020 நவம்பரில் சென்னை நேரு விளையாட்டரங்கில் நடந்த கலந்தாய்வில், தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும் கட்டணம் கட்ட வழியின்றிச் சிலர் அதை விட்டுச் சென்றார்கள். அதன் பிறகே கட்டணத்தை அரசு ஏற்றது. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் ஒதுக்கீடு விரிந்தது.

ஆனால், இந்த மாணவர்கள் படித்துவரும் பள்ளிகளின் நிலை என்ன? 2022இல் நிரப்பப்படாத முதுநிலை ஆசிரியர் பணியிடங்களுக்கு, பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாக, மாதம் 12,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க வேண்டியிருந்தது. பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளுக்கு இயற்பியலும் வேதியியலும் நடத்துபவர்கள் முதுநிலை ஆசிரியர்கள்தாம். அந்தப் பணியிடம் சில மாதங்கள் காலியாகக் கிடந்தாலே, நீட் எழுதப்போகும் மாணவருக்கு அந்தப் பாடத்தில் பாதி கைவிட்டுப் போய்விடும்.

காலை உணவுத் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமும் பிள்ளைகளைப் படிப்பில் தக்கவைக்கும் நல்ல திட்டங்கள். ஆசிரியர் இல்லாத குறையை அவற்றால் ஈடுகட்ட முடியாது.

எனவே அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் எல்லாப் பாடங்களுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்க வேண்டும். தமிழ்வழியில் படித்து ஆங்கிலப் பாடநூல்களோடு திணறும் முதலாண்டு மாணவர்களுக்குக் கல்லூரியிலேயே இணைப்பு வகுப்புகள் நடத்த வேண்டும். ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேர் இடைநின்றார்கள் என்ற விவரத்தை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

இவற்றைச் செய்யாமல், ஐந்து ஆண்டு முடிந்தது என்ற காரணத்துக்காக ஒதுக்கீட்டைக் குறைப்பது அநீதி. இயற்பியல் ஆசிரியர் இல்லாத ஒரு மேல்நிலைப் பள்ளி இருக்கும்வரை, அந்த 7.5 சதவீதத்தில் கைவைக்கும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை.