கொடி மாறியது; கூலி மாறியதா?



"ஏன் கிராணியாரே, இங்கிலாந்துக்காரன் ஐரோப்பியக் கூட்டை உதறிவிட்டு வெளியே வந்தானே, அது பாட்டாளிக்குக் கிடைத்த வெற்றிதானே?" என்று பால் நிறுக்கும் கொட்டகையில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். தராசுக்கு முன்னால் வரிசை நீண்டிருந்தது. பதில் சொல்ல நேரமில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

வெற்றிதான் ஐயா. யாருடைய வெற்றி என்பதுதான் கேள்வி.

நடந்ததை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1973 ஜனவரியில் பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. பின்னாளில் அது ஐரோப்பிய ஒன்றியமாக வளர்ந்தது. அதற்குள் சரக்கு சுங்கமின்றி எல்லை தாண்டும். தொழிலாளியும் அனுமதிச் சீட்டுக்குக் கைகட்டி நிற்காமல் எல்லை தாண்டலாம். 2016 ஜூன் 23-இல் பிரதமர் டேவிட் கேமரன் மக்கள் வாக்கெடுப்பு நடத்தினார். நூற்றுக்கு 51.9 வாக்கு 'வெளியேறு' என்றது, 48.1 வாக்கு 'இரு' என்றது. கேமரன் பதவி விலகினார். அடுத்து வந்த தெரேசா மேயின் ஒப்பந்தத்தைப் பாராளுமன்றம் 2019-இல் மூன்று தடவை தூக்கி எறிந்தது. அவருக்குப் பின் வந்த போரிஸ் ஜான்சன் 2020 ஜனவரி 31-இல் நாட்டை வெளியே கொண்டுபோனார்.

வெளியேறு என்று வாக்களித்த தொழிலாளியை முட்டாள் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். சண்டர்லாந்து என்று ஒரு நகரம். கப்பல் கட்டியும் நிலக்கரி வெட்டியும் வாழ்ந்த ஊர். அதன் கடைசிச் சுரங்கம் 1993-இல் மூடப்பட்டது. பிழைப்புப் போன அந்த ஊரில் நூற்றுக்கு 61 பேர் வெளியேறு என்றார்கள். வயிறு எரிந்தவன் கையில் வாக்குச் சீட்டைக் கொடுத்தால் அவன் வேறென்ன செய்வான்? ஆனால் அந்தச் சுரங்கத்தை மூடியது ஐரோப்பா அல்ல. அவனுடைய சொந்த லண்டன் சர்க்காரின் கொள்கை. அந்தச் சர்க்காரை நடத்திய கட்சியின் பெரிய மனிதர்களே பிறகு அவனிடம் வந்து, 'உன் துன்பத்துக்கெல்லாம் ஐரோப்பாக்காரனும் ருமேனியாக்காரனும்தான் காரணம்' என்றார்கள். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை இதுதான்.

வாரத்துக்கு 350 மில்லியன் பவுன் ஐரோப்பாவுக்குப் போகிறது, அதை மருத்துவமனைகளுக்குக் கொடுப்போம் என்று சிவப்புப் பஸ்ஸில் எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். அந்தக் கணக்கு மக்களைத் தவறான வழியில் கொண்டுபோகிறது என்று நாட்டின் புள்ளிவிவர ஆணையமே சொன்னது. பஸ் நிற்கவில்லை!

இனி, நாம் அறிய வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். ஐரோப்பிய விதியின் பேரில்தான் 1998-இல் பிரிட்டிஷ் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு கூடிய வருட விடுமுறை சட்டப்படியான உரிமையாயிற்று. அந்த விதியை எதிர்த்து லண்டன் சர்க்கார் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 1996-இல் தோற்றது. இப்படிப்பட்ட தரங்களைக் குறைக்கக் கூடாது என்ற உறுதி, மே கொண்டுவந்த ஒப்பந்தத்தில் சட்டப்படி கட்டுப்படுத்தும் பகுதியில் இருந்தது. 2019 அக்டோபரில் ஜான்சன் அதை அங்கிருந்து உருவி, யாரையும் கட்டுப்படுத்தாத அரசியல் அறிக்கையில் கொண்டுபோய் வைத்தார். 2020 டிசம்பர் வாணிப ஒப்பந்தத்தில் அது திரும்ப வந்தபோது, 'வாணிபத்தையோ முதலீட்டையோ பாதிக்கும் அளவுக்குக் குறைத்தால்' என்ற நிபந்தனையோடு வந்தது. சம்பளப் பேச்சுக்குப் போய் வந்த சங்கத் தோழர்களுக்கு இந்த வித்தை புரியும். ஒப்பந்தத்தில் இருந்தால் உரிமை; அறிக்கையில் இருந்தால் ஏட்டுச் சுரைக்காய்.

வயல்களில் நடந்தது இன்னும் கொடுமை. முன்பு பழம் பறிக்க ருமேனியாவிலிருந்தும் பல்கேரியாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். முதலாளி கூலியைக் குறைத்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போகலாம். வேறு தொழிலுக்கும் போகலாம். கதவு சாத்தப்பட்டது. பழம் பறிக்க ஆள் வேண்டாமா? வேண்டும்! ஆறு மாத விசாவில் ஆள் எடுக்கும் திட்டம் 2019-இல் 2,500 பேரோடு தொடங்கியது. 2021-இல் 30,000 ஆயிற்று. 2022-இல் இந்தோனேசியாவிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் போனவர்களில் பலர், தரகர்களுக்குக் கட்டக் கடன் வாங்கிப் போய் இறங்கினார்கள். பண்ணை பிடிக்கவில்லையென்றாலும், அழைத்துவந்த ஏஜென்சியின் தயவில்லாமல் இடம் மாற முடியாது.

இந்தக் கதை நமக்குப் புதிதா, தோழர்களே? கங்காணி கொடுத்த முன்பணம். கப்பல் ஏறுமுன்பே கழுத்தில் ஏறிய கடன். தோட்டத்தை விட்டு ஓடினால் தண்டனை. நம் பாட்டன்மார் பட்ட பாடு அல்லவா இது! மலாயாவில் இந்தியத் தொழிலாளிக்கு ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. நூறு வருஷம் கழித்து, அதன் சாயல் இங்கிலாந்துப் பழத் தோட்டத்திலேயே எட்டிப் பார்க்கிறது.

கடலில் நடந்ததையும் கேளுங்கள். 2022 மார்ச் 17-இல் பி அண்டு ஓ படகுக் கம்பெனி ஏறக்குறைய 800 கடலோடிகளை ஒரே நாளில், பதிவு செய்த வீடியோச் செய்தி மூலம் வேலை நீக்கியது. சங்கத்தைக் கலந்து பேச வேண்டுமென்று சட்டம் இருப்பது தெரிந்தும் பேசவில்லை என்று அதன் தலைமை அதிகாரி பாராளுமன்றக் குழுவிடமே ஒப்புக்கொண்டார். மாற்றாக வந்தவர்களுக்குச் சராசரி மணிக்கு 5.50 பவுன், நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமோ அப்போது 8.91 பவுன். வெளியேறியதால்தான் இது நடந்தது என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கடலோடிகளுடைய சங்கங்களில் ஒன்று வெளியேற்றத்தை ஆதரித்த சங்கம். 'ஆட்சி நம் கைக்கு வரும்' என்றார்களே, அன்று அந்த ஆட்சி யார் கையில் இருந்தது?

இது அயலூர்ச் சண்டை என்று ஒதுங்கவும் முடியாது. ஐரோப்பாவை விட்டுப் போன பிரிட்டன், மலேசியா அங்கம் வகிக்கும் பசிபிக் வாணிப ஒப்பந்தத்தில் 2024 டிசம்பர் 15-இல் வந்து சேர்ந்தது. நம் செம்பனை எண்ணெய்க்கு அங்கே சுங்க வரி நீங்கியது. நல்லது. அந்த லாபத்தில் பழக்குலை வெட்டுகிறவனுக்கு எத்தனை காசு என்று கேட்கப் போவது யார்?

நம் லயத்துக்கும் பார்வையைத் திருப்புங்கள். பக்கத்து வீட்டில் வங்காளதேசத் தொழிலாளி இருக்கிறான். அவன் பேரையும் செக்ரோலில் எழுதுகிற கை என்னுடையது. ஊரில் தரகனுக்குப் பட்ட கடனுக்கு அந்தச் செக்ரோலில் கட்டம் கிடையாது. காகிதத்தில் சம்பளம் முழுசாகத்தான் தெரிகிறது. லயத்துக்குப் போன பிறகு கரைகிறது. அவனைக் காட்டி 'இவனால்தான் உன் கூலி உயரவில்லை' என்று நம்மிடமும் வந்து சொல்கிறார்கள். சண்டர்லாந்துக்காரனிடம் சொன்ன அதே பேச்சு!

ஆகவே பெரியவரே, நாடுகள் கூடட்டும், பிரியட்டும். கூடும்போதும் பிரியும்போதும் நாம் கேட்க வேண்டியவை இரண்டு. தொழிலாளியின் உரிமை ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்தில், எந்த வரியில் இருக்கிறது? பக்கத்தில் நின்று வேலை செய்கிறவன் நம் சங்கத்துக்குள் இருக்கிறானா, வெளியே இருக்கிறானா? முதல் கேள்வியைத் தலைவர்களிடம் கேளுங்கள். இரண்டாவதற்கு நாளைக் காலைப் பிரட்டுக்குப் போகும்போது அந்தத் தோழனிடம் பேசிப் பதில் தேடுங்கள்.

— ஒரு தோட்டக் கிராணி