துறைமுகம் துயில் நீங்குமா?

"கப்பல் வந்தால் கஞ்சி, வராவிட்டால் பட்டினி." கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மூட்டை சுமந்த என் தாத்தா அடிக்கடி சொல்லும் சொல் இது. அந்நாளில் பெருங்கப்பல்கள் கரைக்கு வாரா. கடலில் தள்ளியே நிற்கும். உப்பனாற்றிலிருந்து தோணிகளில் சரக்கை ஏற்றிச் சென்று கப்பலில் சேர்ப்பார்களாம். அவர் பேரனாகிய நான், எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், அதே கரையில் நின்று பார்க்கிறேன். பூட்டிக் கிடக்கும் கிடங்குகள்! ஓடு சரிந்த கூரைகள்! சுவரைப் பிளந்து தளிர்க்கும் அரசங்கன்றுகள்!

இக்கரை சாதாரணக் கரையன்று. 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கினர். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, சில ஆண்டுகள் அவர்களுக்குத் தலைமையிடமாக விளங்கியது இக்கோட்டையே. அத்தகைய ஊரின் துறைமுகக் கரை பாழாய்க் கிடக்கலாமா? சாகர்மாலா திட்டத்தில் துறைமுகத்துக்குப் புதிய கப்பல் தளம் கட்டியிருக்கிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் தளம் மட்டுமே ஊராகிவிடுமா?

"மாடமாளிகைகளும் ஓட்டல்களும் எழுப்பினால் ஊர் செழிக்கும்" என்பர் சில நண்பர்கள். பாதி உண்மைதான். இலண்டன் மாநகரின் பழைய கப்பல் துறைகள் மூடப்பட்டபின், 1981இல் தனிக் கழகம் ஒன்றை அமைத்து அப்பகுதியைப் புதுப்பித்தனர். வானளாவிய கட்டடங்கள் எழுந்தன. ஆனால், அத்துறைகளில் உழைத்தவர் குடும்பங்கள் பலவற்றுக்கு அங்கு எழுந்த புது வீடுகள் எட்டாக்கனியாயின. கரை வாழ்ந்தது, கரையைக் காத்தவன் வாழ்ந்தானா?

சிங்கப்பூர் வேறொரு பாடம் சொல்கிறது. அங்கே 1977இல் தொடங்கிப் பத்தாண்டு முயன்று ஆற்றைத் தூய்மை செய்தனர். ஆற்றோரக் கிடங்குகள் கடைகளாக, உணவகங்களாக மலர்ந்தன. ஆனால் 1983இல் சரக்குப் படகுகள் அந்த ஆற்றை விட்டே வெளியேற நேர்ந்தது. கொள்ள வேண்டியது தூய்மை. தள்ள வேண்டியது வெளியேற்றம். அருகிலுள்ள கொச்சியைப் பாருங்கள்! பழைய வணிக மாளிகையான ஆஸ்பின்வால் இல்லத்தை இடிக்காமல், 2012இல் அங்கே கலைக் கண்காட்சி நடத்தி உலகையே அழைத்தார்கள்.

ஆகவே என் கருத்து இதுதான். முதலில் உப்பனாறு. ஆலைக் கழிவும் நகரச் சாக்கடையும் கலக்கும் நீரின் கரையில் எந்தப் பூங்காவும் மணக்காது. வேதியியல் பயிலும் நாம் மாதந்தோறும் அந்நீரைச் சோதித்து, முடிவை ஊரறியச் செய்யலாமே! இரண்டாவது, உரிமை. சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு, அக்கரைகோரி மீனவரின் படகுத் துறையும், வலை காயும் இடமும், பெண்கள் மீன் விற்கும் இடமும் வரைபடத்தில் முதலில் குறிக்கப்பட வேண்டும். எஞ்சிய இடத்தில்தான் பிற திட்டங்கள். கிடங்கின் கீழ்த்தளத்தில் கடைகளும் மீனவர் கூட்டுறவுப் பண்டகசாலையும், மேலே படிப்பகமும் தொழிலாளர் குடியிருப்பும் அமையட்டும். மூன்றாவது, எச்சரிக்கை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நம் மாவட்டத்தில் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 2011இல் 'தானே' புயல் நம் தோப்புகளைச் சாய்த்தது. அலையின் எல்லையை மறந்து கட்டும் மாளிகை நாளைய இடிபாடு!

"செலவுக்குப் பணம் ஏது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. ஒரு கிடங்கைத் திறந்து படிப்பகமாக்கினால் போதும். மற்றவை தொடரும்.

கல்லையே தெப்பமாகக் கொண்டு அப்பரடிகள் கரையேறியதாகச் சொல்லும் கரையேறவிட்ட குப்பம் நம் ஊரில்தான் இருக்கிறது. அடிகளைக் கரையேற்றிய ஊர், தன் உழைப்பாளிகளையும் கரையேற்ற வேண்டாமா? நண்பர்களே, துறைமுகம் துயில் நீங்கட்டும். அப்போது அங்கே விழித்திருப்பவர்கள் மூட்டை சுமந்தவரின் பேரப்பிள்ளைகளாய் இருக்கட்டும்!