பனிமூட்டம் மட்டும்தான் பேயா?

ஆளரவமற்ற மேட்டுநில வீடும் குளிரும் மூடுபனியும் இல்லாமல் அமானுடச் சரித்திர நாவல் எழுதவே முடியாதாம். வெயில் காயும் திருகோணமலையில் அதற்கு இடமே இல்லையாம். இப்படி எழுதியவர் மார்கழி வாடைக்காற்றில் லிங்கநகரில் ஓரிரவு தங்கியிருக்க மாட்டார். தகரக் கூரை படபடக்க, மழை பக்கவாட்டில் அடிக்க, கரண்டும் போனபின் கொண்டி போட்ட கதவைப் பார்த்தபடி விடியும்வரை விழித்திருந்தவன் நான்.

இடம் இல்லையா? திருகோணமலைக் கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். இடித்த கோயிலே சுவராக நிற்கும் இடத்தைவிட இருண்ட களம் எந்த மேட்டுநிலத்தில் இருக்கிறது? காதலனின் கப்பல் போவதைப் பார்த்துச் சுவாமிமலையிலிருந்து குதித்ததாகச் சொல்லப்படும் ஒல்லாந்துப் பெண் பிரான்சினாவின் கதையும் அங்கேதான். காலத்துக்கும் குறையில்லை: மேட்டுநில வீட்டுக் கதையான எமிலி பிராண்டியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ 1801இல் தொடங்குகிறது. அதே ஆண்டின் தொடக்கத்தில் ஆதர் வெல்லெஸ்லி, பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர், திருகோணமலையில்தான் இருந்தார்.

இங்கே எழுத ஆளில்லை என்று அவர் சொல்வதும் பொய். தமிழின் முதல் சரித்திர நாவலாகச் சொல்லப்படும் ‘மோகனாங்கி’யை 1895இல் தந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை இந்த ஊர்க்காரர். என்ன, அவர் கதையை நாயக்கர் காலத் தமிழகத்துக்குக் கொண்டுபோய்விட்டார். எனக்கும் அதில் வருத்தம்தான். ஆனால் அது களத்தின் குறையல்ல, ஐயா.