துதிக்கை போன லை

காங்கேயத்துக்காரருக்கு 'லை' இல்லாமல் ஊருக்கு வழி சொல்லவே வராது. பக்கத்தில் சிவன்மலை, வடக்கே போனால் சென்னிமலை, நடுவில் அரிசி ஆலை, எண்ணெய் ஆலை. பழைய கட்டடம் எதிலாவது சுண்ணாம்பு உதிர்ந்த சுவரில் 'ஆலை' என்று எழுதியிருந்தால் நின்று பாருங்கள். ல-வுக்கு முன்னால் யானை துதிக்கையைத் தூக்கின மாதிரி ஒரு வளைவு இருக்கும். கல்லூரிப் பையன்கள் அதை ஒரு நொடி முழித்துவிட்டுத்தான் படிப்பார்கள். அவர்களுடைய அப்பாருவோ இன்றைக்கும் கையெழுத்தில் அந்தத் துதிக்கையைத்தான் போடுவார்.

அந்தத் துதிக்கை போன கதை, ஒரு வடிவத்தைப் பற்றி எப்படிக் குறை சொல்ல வேண்டும் என்பதற்கு நல்ல பாடம். நம் ஆட்களுக்கு இந்த விஷயத்தில் இரண்டே பதில்தான் தெரியும். ஒன்று "சூப்பரா இருக்குங்க", இல்லாவிட்டால் "ஒண்ணும் சரியில்லீங்க". இரண்டாலும் செய்தவருக்குக் காலணா பிரயோஜனம் இல்லை.

பெரியார் 'குடி அரசு' பத்திரிகையை ஈரோட்டில் தொடங்கியது 1925-ல். பத்து வருஷம் அச்சுக்கூடத்தோடு மல்லுக்கட்டிய பிறகு, 1935-ல் சில எழுத்துகளை மாற்றி அச்சடிக்க ஆரம்பித்தார். எழுத்துச் சீர்திருத்தம் பற்றி அவர் இன்னும் பெரிய அளவிலும் பேசியிருக்கிறார். ஆனால் பின்னால் எல்லோருக்கும் பொதுவாக நிலைத்தது 13 எழுத்துகள். துதிக்கை வைத்த ணை, லை, ளை, னை நான்கு. காலை அடியில் சுருட்டிக்கொண்ட ணா, றா, னா மூன்று. அதே சுருட்டல் வரும் ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆறு.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பது. கை, தை, மை எல்லாவற்றுக்கும் ஏற்கனவே தனியாக 'ை' இருக்கிறது, கா, சா, தாவுக்குத் தனியாகக் கால் இருக்கிறது. இந்தச் சில எழுத்துகள் மட்டும் ஏன் முறைத்துக்கொண்டு நிற்க வேண்டும்? ஈய எழுத்துக் கோர்ப்பவருக்கு ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வேண்டும், தனி அறை வேண்டும். பி.காம். பாஷையில் சொன்னால் சரக்கு இருப்பு அதிகம், முடங்கும் முதலும் அதிகம். தட்டச்சு இயந்திரத்திலோ சாவிக்கே இடம் பத்தாது. குழந்தைக்கு மனப்பாடச் சுமை வேறு. தொல்லை யாருக்கு, எந்த எழுத்தில், மாற்று என்ன என்று மூன்றையும் சொல்லி, முதலில் தன் பத்திரிகையிலேயே செய்தும் காட்டினார்.

அரசு ஆணை வந்தது 1978 அக்டோபரில், எம்.ஜி.ஆர். ஆட்சியில். நடுவில் 43 வருஷம்! பெரியார் 1973-லேயே போய்விட்டார். ஆணை வந்தபோது யாரும் பாடசாலைக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கவில்லை. 'கை' படிக்கத் தெரிந்த கிழவருக்குப் புதிய 'லை' தானாகவே புரிந்தது. பேரன்தான் பழைய பத்திரத்தில் துதிக்கையைப் பார்த்துத் தடுமாறுகிறான், அதுவும் இரண்டு வரி தாண்டினால் பழகிப்போகிறது.

இதே கொங்குப் பக்கத்துக்காரர் இன்னொருவர், கரூர்ப் பகுதியில் பிறந்த வா.செ. குழந்தைசாமி. அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். இகர, ஈகர, உகர, ஊகர வரிசைகளுக்கும் தனிக்குறி வைக்கலாம் என்று பல காலம் எழுதினார். அவர் சொன்ன குறை நிஜம். கு, சு, டு, து ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு. முதல் வகுப்புக் குழந்தை 'கூ'வையும் 'சூ'வையும் 'மூ'வையும் தனித்தனியாகத்தான் உருப்போடுகிறது. இதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் மருந்து நோயை விடப் பெரியதாகிவிட்டது. நான்கு வரிசை, தலைக்குப் பதினெட்டு, ஆக 72 எழுத்து. எதிலாவது ஒரு வரியை எடுத்து எண்ணிப் பாருங்கள், இந்த நான்கு வரிசை இல்லாத வரி கிடைப்பது கஷ்டம். கு, சு, து எல்லாம் முகம் மாறிவிட்டால் பேரன் பழைய கிரயப் பத்திரத்தில் தன் தோட்டத்தின் எல்லையைப் படிக்க இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். துதிக்கையைப் போல இரண்டு வரியில் பழகுகிற சமாச்சாரம் இல்லை இது.

இன்னொன்று, தொல்லைப்பட்ட ஆளே மாறிவிட்டார். ஈய எழுத்து போய்க் கணினி வந்தாயிற்று. யூனிகோடில் 'கு' என்பது உள்ளே 'க'வும் உகரக் குறியும்தான், சு, டு, து எல்லாவற்றுக்கும் அதே ஒரே குறி. திரையில் எந்த உருவம் வரவேண்டும் என்பதை எழுத்துரு பார்த்துக்கொள்கிறது. அதாவது குழந்தைசாமி கேட்டது இயந்திரத்துக்குள் நடந்தே விட்டது, நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது சீர்திருத்த அறிவிப்பு வந்துவிடுமோ என்று பலர் பயந்து எதிர்த்தார்கள். அப்படி எதுவும் வரவில்லை. அந்தச் சமயத்தில் அரசு ஏற்றுக்கொண்டது யூனிகோடை. வராமல் போனது நல்லதுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, 1978-ல் விட்டுவைத்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஐ, ஔ இரண்டையும் அய், அவ் என்று எழுதலாம் என்பது பெரியார் பக்கத்து யோசனை. ஆணையில் அது சேரவில்லை. ஐ-யால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஔதான் வம்பு. பார்த்தால் 'ஒ'வும் 'ள'வும் பக்கத்தில் நிற்கிற மாதிரியே இருக்கும். அதனால் நிறையப் பேர் இரண்டு எழுத்தாகவே தட்டி வைக்கிறார்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் கணினிக்கு அது வேறு சொல். அவ்வையார் ஒரு கோப்பில் ஔவையாராகவும் இன்னொன்றில் ஒளவையாராகவும் உட்கார்ந்திருப்பார், ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. அகர வரிசையில் அடுக்கினாலும் பாட்டி ஒளவைக்கும் ஔவைக்குமாக இரண்டு இடத்தில் நிற்பார். சந்தேகம் இருந்தால் உங்கள் கணினியில் இரண்டையும் அடித்துத் தேடிப் பாருங்கள் :)